குறைக்கச் சொல்லி வந்தவர்

என் அறைக்கு வருகிற விஞ்ஞானிகள் எல்லாரும் கூட்டச் சொல்லித்தான் வருவார்கள். "இந்தக் கட்டுரை விட்டுப்போச்சு மேடம்", "அந்த மாநாட்டுல பேசினதைச் சேக்கலையே", "முதலெழுத்தை மாத்திப் போட்டிருக்கான், ஆனா அது நான்தான்" என்று கையில் ஏதாவது ஒரு காகிதத்தோடு வாசலில் நிற்பார்கள். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவராக இருந்தாலும் என் மேஜைக்கு முன்னால் வந்துவிட்டால், மார்க் குறைத்த வாத்தியாரிடம் வந்து நிற்கிற பையன்தான். எனக்கு இதில் உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. மறைப்பானேன்.

என் வேலை எண்ணுவது. ஒரு விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதுகிறார். உலகத்தில் வேறு யாரோ தம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் "இன்னாருடைய இந்தக் கட்டுரையைப் பார்த்தோம்" என்று குறிப்பிடுகிறார். அது ஒரு மேற்கோள். அப்படி எத்தனை பேர் சொன்னார்கள், எந்தெந்த நாட்டில், எவ்வளவு பெரிய ஆய்விதழில் என்று மென்பொருளை வைத்துத் தேடி, ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் ஒரு செல்வாக்கு மதிப்பெண் போடுவேன். சில வருஷங்களுக்கு ஒரு முறை மறுஆய்வு நடக்கும். கோட்டுக்கு மேலே இருக்கிற ஆய்வகம் பிழைத்தது. கீழே இருப்பதை ஏதாவது பெரிய ஆய்வகத்தோடு சேர்த்துவிடுவார்கள். சேர்ப்பது என்றால் மூடுவது. அந்த வார்த்தையைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. இதனாலெல்லாம் நிறுவனத்தில் எனக்குச் சித்திரகுப்தன் என்று பெயர். பெண்பிள்ளை ஆயிற்றே என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் அவர்களும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். எந்தக் கட்டுரை எழுதினாலும் அதில் தன்னுடைய பழைய கட்டுரைகளையே வரிசையாகக் குறிப்பிடுவார். கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே வணக்கம் வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். அதையும் நான் எண்ணத்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட அறைக்கு, மறுஆய்வுக்கு முந்தின வாரம், மீன்காரம்மா வந்தார்.

கடல் மீன்களின் வயதைக் கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. அதனால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் நிறுவனத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அவருடையதுதான். முன்வாசலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை மாட்டியிருக்கும். அதில் ஒரு மீன் படம், கட்டுரையின் தலைப்பு, அவர் பெயர், கீழே 'உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வு' என்ற வரி. மீன்காரம்மா அந்த வாசல் வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை. குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் பின்பக்கத்து இரும்புக் கதவு வழியாகத்தான் வருவார், போவார். அடக்கம் என்று சிலர் சொன்னார்கள். தலைக்கனம், வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லக் கஷ்டம் என்று சிலர் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை அவருடைய ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறாள், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில். அவள் சேர்ந்தபோது "அக்கா சித்திரகுப்தன், தங்கச்சிக்கு வேலை கிடைக்காதா" என்று கேன்டீனில் பேசினார்கள். நான் யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை. ஆனாலும் என்னைக் கைக்குள் போட்டுக்கொள்ளத்தான் அந்த அம்மா இவளை எடுத்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. மீன்காரம்மா வாசலில் வந்து நின்றதும் 'சரி, இப்போது கேட்கப் போகிறார்' என்று நினைத்துக்கொண்டேன்.

"உட்காருங்க மேடம். எது விட்டுப்போச்சு?"

"எதுவும் விட்டுப்போகல. ஒண்ணு கூடுதலா இருக்கு. அதை எடுக்கணும்."

நான் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அந்தப் பலகையில் இருக்கிற கட்டுரையைத்தான் எடுக்க வேண்டுமாம்.

"அது தப்பு. நான் அதைத் திரும்பப் பெற்றுப் பல வருஷம் ஆச்சு. ஆய்விதழ்ல அறிவிப்பும் வந்துது. ஆனா அறிவிப்பு ஒரு இடத்துல கிடக்கு, கட்டுரை ஒரு இடத்துல கிடக்கு. அந்த ஆய்விதழ் கைமாறினப்ப ரெண்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோச்சு. உங்க மென்பொருளுக்கு அது தெரியல. உங்களுக்கு முன்னாடி இருந்தவர்கிட்ட சொன்னேன். 'பாத்துக்கலாம்மா'ன்னார். பாத்துக்கறதுக்குள்ள ரிட்டயர்டு ஆயிட்டார்."

"என்ன தப்பு?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் மேஜையில் கவிழ்த்தார். வெள்ளையாக, தேய்ந்த பல் மாதிரி ஒரு கல்.

"மீனோட காதுக்கல். வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். மரத்துல விழற மாதிரி. நான் கல்லை முழுசா வெச்சு, மேல இருந்து பாத்து எண்ணினேன். எட்டுக்கு மேல எந்தக் கல்லுலயும் இல்ல. இந்த மீன் எட்டு வருஷந்தான் இருக்கும், வேகமா வளரும், எவ்வளவு பிடிச்சாலும் திரும்ப நிரம்பிடும்னு எழுதிட்டேன். எல்லாருக்கும் அது இனிப்பாயிருந்துது. அப்புறம் ஒரு கல்லு கை தவறி விழுந்து ரெண்டா உடைஞ்சுது. உள்ள பாத்தா இருபதுக்கு மேல வளையம். வயசாக ஆகக் கல்லு அகலத்துல வளராது, உள்பக்கமாத் தடிக்கும். மேல இருந்து பாத்தாத் தெரியாது. வெட்டிப் பாக்கணும். நான் வெட்டல."

"அப்பவே திரும்பப் பெற்றுட்டீங்களே. உங்க பேர்ல குத்தம் இல்லையே."

"திரும்பப் பெறுறதுக்கு முன்னாடி வந்த மேற்கோளைவிட அப்புறம் வந்ததுதான் ஜாஸ்தி." அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. "மீன்துறைக்காரங்க இப்பப் புதுசா ஒரு கையேடு போட்டிருக்காங்க. எத்தனை டன் பிடிக்கலாம்னு. அதுல என் எட்டு வருஷம்தான் இருக்கு. போய்ச் சண்டை போட்டேன். 'என்னம்மா தப்புங்கறீங்க, உங்க நிறுவனமே வாசல்ல பலகை வெச்சிருக்கே'ன்னு கேக்கறான். நம்ம சுவத்துலயிருந்து இறக்காம நான் வெளிய போய் என்ன பேசறது?"

நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"எடுத்தா எங்க ஆய்வகம் கோட்டுக்குக் கீழ போயிடும். போட்டுப் பாத்துட்டேன். உங்க தங்கச்சி வேலையும் போகும். அதனாலதான் உங்ககிட்ட வர இவ்வளவு நாள் தயங்கினேன். அவகிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்க சொல்றதுதான் நல்லதுன்னு தோணிச்சு."

கல்லை டப்பாவில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவருக்கென்ன, இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெற்றுவிடுவார். நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக என் தங்கை தலையில் கல்லைப் போடச் சொல்லி என்னிடமே வந்து கேட்கிறார். அதுவும் எவ்வளவு மரியாதையாக.

கோபத்தில் செய்யும் வேலையை நான் எப்போதும் கவனமாகச் செய்வேன். அவர் சொன்னது சரிதானா என்று பார்த்தே தீர்வது என்று ஆய்விதழின் பழைய இதழ்களைத் தோண்டினேன். அறிவிப்பு இருந்தது. நாலே வரி. 'வயதைக் கணித்த முறை பிழையானது. இந்த முடிவுகளை யாரும் பயன்படுத்த வேண்டாம்.' சரி, இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் இத்தனை பேர் ஏன் பயன்படுத்துகிறார்கள்? அவர்களில் சிலருடைய கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். என் வேலையில் கட்டுரைகளைத் திறக்க வேண்டிய அவசியம் வராது. எண்ணினால் போதும்.

அப்போதுதான் அந்தப் பக்க எண் கண்ணில் பட்டது. மீன்காரம்மாவின் கட்டுரை தொடங்குவது அறுபத்தேழாம் பக்கத்தில். இவர்கள் எல்லாரும் எழுபத்தாறு என்று போட்டிருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, திறந்த இடமெல்லாம் எழுபத்தாறு. பின்னால் போய்ப் போய்த் தேடியதில் ஒரு பெரிய மனிதர் அகப்பட்டார். அந்தத் துறையையே கரைத்துக் குடித்தவர் என்று பெயர். அவர் எழுதிய ஒரு தொகுப்புக் கட்டுரையில் கை தவறி எண் திரும்பிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் அவருடைய கட்டுரையிலிருந்து அந்த வரியை அப்படியே தூக்கித் தங்கள் கட்டுரையில் வைத்திருக்கிறார்கள். ஈயடிச்சான் காப்பி. மூலக் கட்டுரையைத் தேடிப் போனவனுக்கு எழுபத்தாறாம் பக்கத்தில் வேறு யாரோ நண்டைப் பற்றி எழுதியதுதான் கிடைத்திருக்கும். யாரும் தேடிப் போகவில்லை. நாங்களும் பக்க எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. பெயரும் தலைப்பும் பொருந்தினால் மென்பொருள் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொள்ளும்.

பெரும்பாலோர் படிக்கவில்லை. படிக்காமல் சொன்னதை நான் எண்ணி, அதற்குச் செல்வாக்கு என்று பெயர் வைத்து, இயக்குநர் அதைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார். எனக்கே சிரிப்பு வந்தது.

சரியான விடையை மீன்காரம்மாவும் என் தங்கையும் சேர்ந்து போன வருஷம் வெளியிட்டிருந்தார்கள். கல்லை வெட்டிப் பார்த்து எண்ணிய கட்டுரை. அதற்கு மூன்று மேற்கோள். அதில் இரண்டு அவர்களே சொல்லிக்கொண்டது.

இன்னும் இரண்டு மூன்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று அடுத்ததைத் திறந்தேன். மாணவி ஒருத்தி எழுதியது, வலைக்கண்ணின் அளவைப் பற்றி. முதல் பத்தியிலேயே 'எட்டு ஆண்டுகள் மட்டுமே வாழும் இந்த மீன்' என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் எழுபத்தாறு. மேலே பெயரைப் பார்த்தேன். என் தங்கையின் பெயர்.

அவள் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது வந்த முதல் கட்டுரை அது. அது வந்த அன்று நான் இந்த மாடி முழுக்க இனிப்பு கொடுத்தேன்.

அம்மா அப்பா போனபிறகு நானும் அவளும்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அன்று சாயங்காலம் நான் போனபோது சின்னவள் ஏற்கனவே வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் தலையை அவளிடம்தான் கொடுக்க வேண்டும். கத்தி நுனியால் நெம்பிக் காதுக்கல் இரண்டையும் எடுத்து, கழுவி, ஜன்னல் விளிம்பில் ஒரு புட்டி மூடியில் போட்டு வைப்பாள். அந்த மூடி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தூசு துடைக்கும்போதெல்லாம் நான் திட்டுவேன்.

"இன்னிக்கு உங்க மேடம் என் ரூமுக்கு வந்தாங்க."

"எதுக்கு?"

சொன்னேன். பக்க எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ எடுக்கப் போறியா?"

"விதிப்படி எடுக்கணும்."

"என்ன விதி? உன் மென்பொருளுக்கே தெரியல. இயக்குநருக்குத் தெரியல. வேற யாருக்குத் தெரியும்?"

"உங்க மேடத்துக்குத் தெரியுதே."

"அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க அக்கா. நான் எங்க போறது?" கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "என்னை விடு. அலமாரி நிறையக் கல்லு இருக்கு. பாதிதான் வெட்டியிருக்கேன். இன்னும் ரெண்டு ஜாதி மீனுக்கு இதே தப்பு நடந்திருக்குன்னு இப்பத்தான் தெரிய ஆரம்பிச்சிருக்கு. ஆய்வகத்தை மூடினா அந்த அலமாரி மாடிப்படிக்குக் கீழ போகும். ஒடைஞ்ச நாற்காலியோட. அந்தத் தப்பான கட்டுரை வாங்கித் தர்ற மார்க்லதான் நாங்க சரியானதைப் பண்ணிட்டிருக்கோம். அதைப் புடுங்கினா இதுவும் போச்சு. உனக்கு இது புரியலையா?"

புரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆபீசில் மீன்காரம்மா சொன்னதிலும் ஒரு வார்த்தை தப்பில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் நியாயம் பேசுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கேட்டுவிட்டேன்.

"அவங்க பழைய கட்டுரையை நீ படிச்சிருக்கியா?"

"படிக்காம என்ன, மனப்பாடமாவே தெரியும்."

"இப்ப இல்ல. உன் முதல் கட்டுரை எழுதறப்ப."

அவள் குழாயைத் திறந்து, ஏற்கனவே கழுவிய கையை மறுபடி கழுவினாள்.

"பாத்துட்டியா?"

"பக்க எண்கூட அதே தப்பு."

"படிக்கல," என்றாள். "அந்தப் பெரிய மனுஷர் கட்டுரையிலயிருந்து எடுத்துப் போட்டேன். வாத்தியார் அவசரப்படுத்தினார். ஒரு வரிதானேன்னு நினைச்சேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன்.

"அது வந்து கொஞ்ச நாள்ல மேடத்துக்கிட்டயிருந்து மெயில் வந்துது. அப்ப அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. 'என் கட்டுரையைக் குறிப்பிட்டதற்கு நன்றி. அது பிழையானது. தயவுசெய்து திருத்த முடியுமா'ன்னு. பதில் எழுதி எழுதி அழிச்சேன். அப்புறம் பஸ் ஏறி நேராவே வந்துட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். அவங்க ஒரு வார்த்தை திட்டல. உக்கார வெச்சு, ஒரு கல்லையும் அந்தச் சின்ன ரம்பத்தையும் கையில குடுத்து, 'வெட்டிப் பாருங்க'ன்னாங்க. வெட்டினேன். எண்ணினேன். இருபத்தொண்ணு. அப்படியே அங்கேயே நின்னுட்டேன்."

"என்கிட்ட வேலை கிடைச்சிருச்சுன்னுதானே சொன்னே."

"பின்ன என்ன சொல்றது? இப்படித் தப்புப் பண்ணிக் கிடைச்சுதுன்னா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "குறிப்பிட்ட ஒவ்வொருத்தருக்கும் அவங்க எழுதியிருக்காங்க அக்கா. இத்தனை வருஷமா. முக்காவாசிப் பேர் பதிலே போட மாட்டாங்க. சில பேர் 'உங்க கட்டுரைக்குப் பெருமைதானே, ஏன் வேணாங்கறீங்க'ன்னு கேப்பாங்களாம். நேர்ல வந்தது நான் ஒருத்திதான். அதனாலதான் என்னை எடுத்தாங்க. நீ என்ன நினைச்சே?"

நான் என்ன நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. மீனைப் பொரிக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் அந்த அம்மாவின் செல்வாக்கை அளக்கிறோம் என்று உலகம் முழுக்கத் தேடியிருக்கிறோம். அது என் சமையலறையில் நின்று கை கழுவிக்கொண்டிருக்கிறது.

சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக் கழுவி அடுக்கும்போது அவளே சொன்னாள்.

"எடுத்துடு."

"யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு என் மேல பழி போடக் கூடாது."

"போடத்தான் போடுவேன். கொஞ்ச நாளைக்குப் போடுவேன், கேட்டுக்கோ." ஜன்னல் விளிம்பில் இருந்த மூடியை எடுத்து, இன்று எடுத்த இரண்டு கல்லையும் அதில் போட்டாள். "இனிமே யாரும் இதைத் தப்பாச் சொல்லாம பாத்துக்கணும்னு அன்னிக்குச் சொன்னாங்க. சரின்னேன். சரின்னு சொல்லிட்டு நானே அதுல சாப்பிட்டுட்டிருக்கேன். எடுத்துடு."

மறுநாள் மீன்காரம்மாவும் நானும் இயக்குநர் அறையில் உட்கார்ந்தோம். இயக்குநர் கெட்டவர் இல்லை. தலைவலி மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இந்தக் கட்டடத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"இந்தச் சுற்று மட்டும் போகட்டும்," என்றார். "முடிஞ்சதும் எடுத்துடலாம். இத்தனை வருஷம் இருந்துது, இன்னும் கொஞ்ச நாள் இருந்தா என்ன? நிறுவனத்தோட தரவரிசையே இந்த ஒரு கட்டுரையிலதான் நிக்குது. எல்லா ஆய்வகமும் அதை வெச்சுத்தான் நடக்குது, மேடம்."

"மீனும் அதை வெச்சுத்தான் பிடிக்கறாங்க, சார்," என்றார் மீன்காரம்மா.

இயக்குநர் மாத்திரையை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"உங்க தங்கச்சி அங்கதானே இருக்காங்க? என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார். அவதான் எடுக்கச் சொன்னா."

மீன்காரம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. பயந்தமாதிரி இருந்தது. நான் மடிக்கணினியைத் திறந்து, நிராகரித்த கட்டுரைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஆசிரியரே திரும்பப் பெற்றார்' என்று எழுதினேன். இயக்குநர் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். மறுஆய்வில் மீன் ஆய்வகம் கடைசிக்கு வந்தது. அதைத் தண்ணீர்த் தர ஆய்வகத்தோடு 'சேர்த்தார்கள்'. மீன்காரம்மாவுக்கு அங்கே ஜன்னலோரம் ஒரு மேஜை. என் தங்கையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிறுவனம் தரவரிசையில் சில படிகள் இறங்கியது. கேன்டீனில் சொந்தத் தங்கை வேலையையே எண்ணித் தூக்கிவிட்டாள், சித்திரகுப்தன் என்று சும்மாவா பெயர் வைத்தோம் என்று என் காதுபடவே சொன்னார்கள். சின்னவளும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். சில வாரங்கள் என்னிடம் உப்பு வேண்டும், சாவி எங்கே என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

அலமாரியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கல்லுக்குச் சண்டை போட எவரும் வரவில்லை. மீன்துறையில், துறைமுகத்தில் மீன் அளக்கிற ஓர் இடத்தில், சின்னவளுக்கு வேலை கிடைத்தது. ஆராய்ச்சியாளர் என்ற பட்டம் இல்லை, சம்பளமும் குறைச்சல். தட்டுத் தட்டாகக் கல்லையும் அந்த ரம்பத்தையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அங்கே சுவரில் கையேட்டின் பக்கம் ஒட்டியிருந்ததாம், எட்டு என்று. போன முதல் வாரத்திலேயே பேனாவால் அதை அடித்துவிட்டாள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது ஒரு கல்லையும் ரம்பத்தையும் அவர் கையில் கொடுத்தாளாம். அதை எனக்குப் போனில் சொன்னாள். மறுஆய்வுக்குப் பிறகு அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது அன்றுதான்.

"எண்ணினாரா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை எண்ணினார். அப்புறம் யாருக்கோ போன் பண்ணப் போனார்."

துறைமுகத்தில் ஓர் அதிகாரி கல் வெட்டியது மேற்கோள் ஆகாது. மென்பொருளில் அவர்களுடைய சரியான கட்டுரைக்கு இன்னும் அதே மூன்றுதான்.

அந்த வாரம்தான் பலகையைக் கழற்றினார்கள். அதற்கு அடுத்த காலையில் கீழேயிருந்து வாட்ச்மேன் போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. கார்டு கொண்டுவரலையாம். இங்கதான் வேலை பாக்கறேன், பல வருஷமாப் பாக்கறேன்னு சொல்றாங்க. நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. உங்களைத் தெரியும்ங்கறாங்க."

படியிறங்கிப் போனேன். எதிர்ச்சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, ஆணித் துளைகளோடு இருந்தது. அதற்கு முன்னால் மீன்காரம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முன்வாசல் வழியாக வந்திருந்தார்.

"என்னைத் தெரியலையாம்," என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவங்க மீன்காரம்மா," என்றேன் வாட்ச்மேனிடம். "மீன் படம் போட்டு ஒரு பலகை இருந்துதே, அதுல பேர் இருந்தவங்க."

வாட்ச்மேன் வெறும் சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "இருந்தாலும் கார்டு இல்லாம விடக்கூடாதுன்னு ஆர்டர் மேடம்," என்று பார்வையாளர் அட்டை ஒன்றை எடுத்து, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வேலைக்கு வந்திருக்கேன்," என்றார் மீன்காரம்மா. அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னோடு படியேறினார்.